அவர் வியாழக்கிழமை வருகிறார்

பிஜு தியேட்டர், ஆபரேட்டர் ரூம்,
வில்லோ பெண்ட், கான்சஸ்.
1916 அக்டோபர், வியாழன், மத்தியானச் சாப்பாட்டு வேளை (சாப்பிடவில்லை).

கர்த்தருக்குள் பிரியமுள்ள மச்சான் திரு. வெர்னன் பெக் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஹெஸ்டரைக் கைப்பிடித்த லெமுவல் ஸ்ப்ராக் மரியாதையுடன் எழுதுவது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். இன்றைய தினம் பார்த்துப் பொய் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் கான்சஸ் சிட்டியில் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படப்பெட்டியை ரயிலில் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு என்ன குறை? பெட்டியை இறக்கி ஓட்டுகிறவன் பாடுதான் நாய்ப்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தகப்பனார், என் மாமனார், கண்ணும் கருத்துமாக நடத்தி என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போன தீவனக் கடையை விற்று இந்தத் தியேட்டரை வாங்கச் சொன்னது யார்? தாங்கள்தான். "மாட்டுக்குத் தீனி போட்டது போதும் மாப்பிள்ளை, மனுஷனுக்குச் சிரிப்பைப் போடு, கூட்டம் அள்ளும்" என்று என் முதுகில் தட்டிய தட்டு இன்னும் வலிக்கிறது. விற்ற அன்றைக்கு ஹெஸ்டர் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. "மாடு வருஷம் பூரா தின்னும் லெம். மனுஷன் வருஷம் பூரா சிரிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு லவீனியா சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அது வசந்த காலத்தில். அதிலிருந்து அவளைத் தெருவில் பார்த்தால் நான் தொப்பியைத் தூக்குவேன், அவள் பக்கத்துக் கடை ஜன்னலில் என்ன சாமான் வைத்திருக்கிறான் என்று பார்ப்பாள். கட்டின பெண்டாட்டிக்கு வழியில் தொப்பி தூக்குகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். இது தங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை இனிமேல்தான் ஆரம்பம்.

போன வாரம் தாங்கள் பட்டர் பிங்க்ஸ் நடித்த படத்துக்கு விளம்பரக் கட்டு அனுப்பினீர்கள் அல்லவா? அந்தத் தொளதொள பேண்ட் போட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் வழுக்கி விழுகிறானே, அந்தப் புண்ணியவான் படம். கட்டுக்கு மேலே தங்கள் கைப்படக் குறிப்பு: "மாப்பிள்ளை, வியாழன் வரைக்கும் பிங்க்ஸ் பெயரை மூச்சு விடக்கூடாது. படம் என்றும் சொல்லக்கூடாது. அட்டையை மட்டும் ஊர் முழுக்க ஒட்டு. யார் வர்றது, யார் வர்றதுன்னு ஊரே மண்டையை உடைச்சுக்கணும். கூட்டம் சேரும் போலிருந்தால் நானே பிங்க்ஸ் வேஷத்தில் ஒரு ஆளை ரயிலில் அனுப்பி, ஸ்டேஷனில் விழவைக்கிறேன்." நானும் சொன்ன பேச்சைக் கேட்டேன். சனிக்கிழமை ராத்திரி ஊர் தூங்கின பிறகு பசைச்சட்டியும் கையுமாக அலைந்து, கடைவீதி, கிணற்றடி, குதிரை கட்டும் கம்பம், மயானத்து வாசல், சபையின் வேலி, ஒரு இடம் பாக்கியில்லாமல் ஒட்டினேன். வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து.

அவர் வருகிறார். வியாழன். நீங்கள் ஆயத்தமா?

மச்சான், தாங்கள் இந்த ஊரில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மைல் வண்டி கட்டிக்கொண்டு சபைக்கு வருகிற ஜனம் இது. இவர்களிடம் போய் "அவர் வருகிறார்" என்றால் இவர்களுக்கு எவர் ஞாபகம் வரும்? பட்டர் பிங்க்ஸா ஞாபகம் வரும்? எனக்குத்தான் புத்தி இல்லை, படக் கம்பெனியில் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிற தங்களுக்குமா இல்லாமல் போக வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும். போதகர் கிரிம்ஷா பிரசங்கத்தை விட்டுவிட்டு, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். "இதை யார் வெச்சதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேள்வி நல்ல கேள்வி" என்றார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டு சைலஸ், என் ஏணியை எந்தக் காலத்திலோ வாங்கிப் போய் அது தன் ஏணி என்றே சாதித்து வந்தவன், மத்தியானமே ஏணியைத் தோளில் தூக்கி வந்து வாசலில் சாத்திவிட்டுக் கண் கலங்கினான். பால்கார எஸ்ரா வீடு வீடாகப் போய், "இத்தனை நாள் தண்ணி கலந்தேம்மா, மன்னிச்சுக்குங்க" என்று அழுதான். ஊரில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது என்று நான் சந்தோஷப்படுவேனா, ஒட்டினவன் நான்தானே என்று ஓடி ஒளிவேனா?

இதெல்லாம் போகட்டும். திங்கள்கிழமை காலை கதவைத் திறக்கிறேன், வாசலில் ஹெஸ்டர் நிற்கிறாள். கையில் அதே பெட்டி.

"உள்ள வரலாமா லெம்?"

"இது உன் வீடு ஹெஸ்டர்."

"வியாழக்கிழமை வருதில்ல. அப்ப நான் வேற வீட்ல இருந்தா நல்லாருக்காது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அடுப்பைப் பற்ற வைத்து, கோழி வறுத்து, ஆப்பிள் பை சுட்டாள். நான் மேஜையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அட்டை ஒட்டினவன் நான்தான், வரப்போவது ஒரு கோமாளிப் படம்தான் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை தானே தெரிந்துபோய் ஒரேயடியாகப் போவாள். எப்படிப் பார்த்தாலும் போகிறவள்தான், இருக்கிற நாலு நாளாவது இருக்கட்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மச்சான், உங்க தங்கச்சி எனக்கு எதிரில் உக்காந்து காப்பி குடிச்சு எத்தனை மாசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு என்ன தெரியும்! கூட்டம் அள்ளும்னு மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தபாலில் உங்கள் இரண்டாவது கட்டு வந்தது. அதையும் ராத்திரி இருட்டில் படிக்காமலே ஒட்டித் தொலைத்தேன், விடிந்த பிறகுதான் வாசகத்தைப் பார்த்தேன். "அலறுவீர்கள்! கண்ணீர் விடுவீர்கள்! தரையில் விழுந்து புரளுவீர்கள்! ஒருவரும் தப்ப முடியாது!" சிரிப்புப் படத்துக்கு இப்படியா ஐயா எழுதுவது? "சிரித்து" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அச்சாபீஸ்காரன் கையா முறிந்துவிடும்? ஒட்டினதைக் கிழிக்கலாம் என்று ஓடினால், கிணற்றடி அட்டைக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் முழங்காலில் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே கையை நீட்டிக் கிழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமைக்கு உங்கள் குறிப்பில் என்ன? "சிரித்து மயக்கம் போடுகிறவர்களைத் தூக்கிப்போக ஆம்புலன்ஸ் ஒன்றைத் தியேட்டர் வாசலில் நிறுத்தவும், ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள்." ஆம்புலன்ஸுக்கு நான் எங்கே போவேன்? நம் ஊரில் நோயாளியைத் தூக்குவதும் பிணத்தைத் தூக்குவதும் ஒரே வண்டிதான், அதே கறுப்பு வண்டி, அதே கறுப்புக் குதிரைகள், என்ன கேஸோ அதற்குத் தகுந்தாற்போல் திரைச்சீலையை மாற்றுவார்கள். வண்டிக்காரன் திரையை மாற்ற மறந்துபோனான். விடிந்தால் வியாழன், வாசலில் பிணவண்டி. பார்த்தவர்கள் ஒருத்தரும் வேடிக்கை பார்க்கவில்லை மச்சான், தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம். சபை நிரம்பி வழிகிறது. போதகர், "இந்த அட்டைகளை வெச்ச மனுஷன் இங்க இருந்தா எழுந்து நிக்கட்டும், அவனுக்கு இந்தச் செய்தி எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கணும்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்தேன். பாதி எழுந்துவிட்டேன், முட்டி மடங்கியபடியே இருக்கிறேன், "கான்சஸ் சிட்டியில் என் மச்சான்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஹெஸ்டர் பக்கத்திலிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா பிடிக்கவில்லை, விரலோடு விரல் கோத்து, இறுக்கி. நான் உட்கார்ந்துவிட்டேன். கோழை என்று சொல்லுங்கள், சொல்லிக்கொள்ளுங்கள். அந்தக் கையை விட்டுட்டு எழுந்து நிக்கிற வீரன் எவனாச்சும் இருந்தா அவனை இங்க அனுப்புங்க, நான் பாக்கறேன்.

இவ்வளவும் ஆகியும் ஒரு நூலிழை நம்பிக்கை வைத்திருந்தேன். வியாழக்கிழமை ஒன்றும் நடக்காமல் போனால் ஜனங்கள் ஏமாந்து, தூங்கி, மறந்துபோவார்கள். படத்தை ஓட்டாமல் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். இன்று காலை அதற்கும் மண்ணைப் போட்டீர்கள். உங்கள் தந்தி! பத்து வார்த்தைக்கு மேல் போனால் கூடக் காசு என்று சுருக்கினீர்களே, அந்தத் தந்தி! "அவர் இன்று சாயங்கால ரயிலில் வருகிறார். கண்டு அனைவரும் அதிசயப்படுங்கள். வெர்னன்." தந்தியை வாங்கி எழுதினவன் ஸ்டேஷன் மாஸ்டர் ஓட்டிஸ். அவன் அதை என்னிடம் கொண்டு வரவே இல்லை ஐயா. யார் அடித்தது, யாருக்கு அடித்தது என்று பேரைக் கூடப் பார்க்காமல் நேரே சபைக்கு ஓடி, கோபுரத்து மணியைப் பிடித்து அடித்தான். எனக்குத் தந்தி வந்ததே மணிச் சத்தம் கேட்டுத்தான் தெரியும்!

நீ அனுப்பற ஆளு, அந்தத் தொளதொள பேண்ட்டுக்காரன், ரயில்ல இருந்து கவுந்து விழப்போறான்னு இந்த ஊர்ல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். (நீ என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அடித்துத் திருத்த மனசில்லை.) உனக்குத் தந்தி அடித்து ஆளை நிறுத்தச் சொல்லலாம் என்று ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஓட்டிஸ் ஆபீஸைப் பூட்டிவிட்டு, குளித்துக் கல்யாணக் கோட்டு மாட்டிக்கொள்ள வீட்டுக்குப் போய்விட்டான். "இனிமே தந்தி எதுக்கு?" என்று கதவில் எழுதி வைத்திருக்கிறான்.

அதனால்தான் இந்த ஆபரேட்டர் ரூமில் வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்கு பக்கமும் தகரம். பிலிம் தீப்பிடித்தால் வெளியே பரவாமல் இருக்க அடித்தது. வெளியே தீப்பிடித்தால் உள்ளே வராமல் இருக்குமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். சின்ன ஓட்டை வழியாகத் தெருவைப் பார்க்கிறேன். பாண்டு வாத்தியம் ஸ்டேஷன் பக்கம் போகிறது. சைலஸ் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான். எஸ்ரா தன் மாட்டையும் கூட்டிக்கொண்டு போகிறான், ஏன் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. இந்த ஜனங்கள் முன்னாடி உன் ஆள் குட்டிக்கரணம் போட்டால் முதலில் அவனை அடிப்பார்கள், அப்புறம் அட்டை ஒட்டினவன் எவன் என்று தேடுவார்கள், தார் ஊற்றிக் கோழி இறகு ஒட்டி ஊரை விட்டுத் துரத்துவார்கள். தாரைக் கூட நான் பொறுத்துக்கொள்வேன் மச்சான். கூட்டத்தில் நிற்கிற ஹெஸ்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

எழுதி எழுதியே பொழுது சாய்ந்துவிட்டது. கதவைத் தட்டுகிறாள். அவள்தான்.

"லெம், உள்ள என்ன பண்றே?"

"கடுதாசி எழுதறேன்."

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு."

"அண்ணனுக்கு அப்புறம் எழுதலாம். வா, ரயில் வர்ற நேரமாச்சு. நான் உன்கூடத்தான் போவேன்."

போகிறேன். வேறு என்ன செய்வது? நான் திரும்பி வராவிட்டால் தாங்கள் செய்ய வேண்டியது: ஒன்று, தியேட்டரை விற்று எப்பாடு பட்டாவது தீவனக் கடையைத் திரும்ப வாங்கி ஹெஸ்டர் பேரில் எழுதிவிடுங்கள். மற்றொன்று, பட்டர் பிங்க்ஸ் என்கிற பெயரை இனி என் காது கேட்க, நான் இல்லாவிட்டால் என் கல்லறை கேட்க, சொல்லாதீர்கள். அக்காவுக்கு என் வந்தனம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தங்களுக்கு ஆயுளையும் சுகத்தையும், கூடவே பத்து வார்த்தைக்கு மேல் தந்தி அடிக்கிற தாராள மனசையும் கர்த்தர் அருளுவாராக.

இப்படிக்கு, தங்கள் பேச்சைக் கேட்ட,
லெமுவல் ஸ்ப்ராக்.

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துப் போடப் பார்த்தேன், "அனுப்பு, அண்ணன் படிக்கட்டும்" என்று ஹெஸ்டர் விடவில்லை. இப்போது கீழே இரண்டாவது ரீல் ஓடுகிறது. சிரிப்புச் சத்தத்தில் தகரம் அதிர்கிறது, கையெழுத்து கோணினால் அதுதான் காரணம்.

ரயில் வந்து நின்றது மச்சான். பாண்டு நின்றது. ஊரே முழங்காலில். போதகர் முன்னாடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. கதவு திறந்தது. முதலில் ஒரு ஷூ வந்தது, தோணி சைஸுக்கு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் வந்தான். விழுவதற்குத் தயாராக ஒரு காலைத் தூக்கினவன் ஜனங்களைப் பார்த்தான். அப்படியே வெளிறிப்போனான். "எத்தனையோ ஊர்ல விழுந்திருக்கேன் சார், ஒரு ஊர்லயும் மண்டி போட்டு வரவேத்ததில்ல" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான் பாவம். மரியாதைக்காக அவன் விழாமல் இருக்கப் பார்த்தான். அதுதான் வினை. கம்பியைப் பிடித்தான், பேண்ட் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது, மாட்டினதை இழுக்கப் போய் ஷூ படியில் வழுக்கியது, எதையாவது பிடிக்கணுமே என்று எட்டினது போதகர் தாடி, போதகர் எட்டிப் பிடித்தது பாண்டுக்காரனின் ஊதுகுழல், ஊதுகுழல்காரன் பிடித்தது எஸ்ராவின் மாட்டு வால். எல்லாரும் குவியலாகக் கிடக்க, அடியிலிருந்து ஊதுகுழல் மட்டும் ஒரு தரம் 'பாங்' என்றது.

போதகர் அடியில் கிடந்தபடியே நிமிர்ந்து, "நீர் யார்?" என்று கேட்டார்.

"பட்டர் பிங்க்ஸ் ஐயா. அதாவது அவருக்குப் பதிலா. பிஜு தியேட்டர், ஏழு மணிக் காட்சி."

ஊரே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. சைலஸ் சட்டைக் கையை மடித்தான். அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. உங்க தங்கச்சி! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி ஊத்த, தூணைப் பிடிச்சு நின்னு சிரிக்கிறா. சைலஸ் ஒரு எட்டு எடுத்து வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அட்டையில எங்கயாச்சும் கர்த்தர்னு போட்டிருந்துச்சா? நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நாலு நாளா இந்த ஊர்ல பால் பாலா இருந்துச்சு. அதுக்கா என் புருஷனை அடிக்கப் போறீங்க?"

போதகர் எழுந்து, தாடியில் ஒட்டின தூசியைத் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் அடியில கெடந்ததால ஒண்ணும் பாக்க முடியல. அந்தப் படத்துல இந்த மாதிரி விழறது உண்டா?" என்றார். உண்டு என்றேன். "எத்தனை தடவை?" என்றார். அவர்தான் இப்போது முதல் வரிசை. பக்கத்தில் சைலஸ். வரும்போதே ஏணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான், படுபாவி.

தீவனக் கடையைப் பற்றி எழுதினதை மறந்துவிடுங்கள். அடுத்த வாரத்துக்கும் ஒரு பிங்க்ஸ் படம் அனுப்பிவையுங்கள், அந்த ஆளும் வரட்டும், நல்ல பையன், ஹெஸ்டர் அவனுக்கு முட்டியில் மருந்து போட்டுச் சோறு போட்டாள். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும் வழியில் அவளிடம் கேட்டேன், நான் ஏமாத்தினதுக்குக் கோபமில்லையா என்று.

"என்ன ஏமாத்தினே? லவீனியா சித்தி வீட்டு வாசல்ல ஒட்டினது அச்சடிச்சது இல்ல, தீந்துபோச்சுன்னு நீயே கையால எழுதினது. வியாழன்ல ஒரு எழுத்தை முழுங்கிட்டு எழுதறது இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான். கர்த்தருக்கு எழுத்துப் பிழை வராது லெம்."

"அப்ப ஜெபக்கூட்டத்துல என் கையைப் பிடிச்சது?"

"எழுந்து நின்னு உளறப் பாத்தியே, அமுக்கத்தான்."

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஹெஸ்டர் வந்தே?" என்றேன்.

"வியாழக்கிழமை ஊரே சேந்து உன்னை உதைக்கும்னு தெரிஞ்சுபோச்சு. அந்த நேரத்துல உன் பக்கத்துல நான் நிக்காம வேற யாரு நிப்பா? அதான் திங்கக்கிழமையே பெட்டியோட வந்துட்டேன்" என்றாள்.